கம்ப்யூட்டரில் ஒரு டீசல் என்ஜினை அழுக்காக்குவோம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் ஒரு மாதம் எல்லோரும் அதைச் சுற்றியே உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு, சினிமா, பிள்ளைகளுக்கு கேம்ஸ், கரண்ட் பில் கட்டுவது என்று நாட்கள் ஓடும். அதன் பிறகு, "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வி வந்துவிட்டவர்களுக்காக. வீட்டுக் கம்ப்யூட்டர், ஒரு இங்க்ஜெட் பிரிண்டர், இலவசமாகக் கிடைக்கும் ஒரு புரோகிராம். இவ்வளவையும் வைத்துக் கொண்டு ஒரு டீசல் ரயில் என்ஜினை அட்டையில் அச்சடித்து, வெட்டி, ஒட்டி மாடலாகச் செய்யப் போகிறோம். புத்தம் புது என்ஜினாக அல்ல. பல வருடம் ஓடி, புகையும் எண்ணெயும் புழுதியும் ஏறிய என்ஜினாக.

ரயில் மாடல் செய்பவர்கள் உலகம் முழுவதும் இந்த வேலையைச் செய்கிறார்கள். பிளாஸ்டிக் அல்லது உலோக மாடலை வாங்கி, அதன் மேல் ஏர்பிரஷ் கொண்டு மெல்லிய பெயிண்ட் அடித்து, சாக்பீஸ் தூள் போன்ற வண்ணப் பொடிகளைத் தேய்த்துப் பழைய வண்டி போல ஆக்குவார்கள். அந்த மாடல்களின் விலையைக் கேட்டால் நமக்கு மூச்சு வாங்கும். தப்பாக அடித்த பெயிண்டைத் திரும்ப எடுக்கவும் முடியாது. கம்ப்யூட்டரில் அந்தக் கவலை இல்லை. கன்ட்ரோல் பட்டனுடன் இஸட் பட்டனைத் தட்டினால் போதும், பூசிய அழுக்கு போய்விடும்.

நான் இதில் இறங்கியது என் பெரியப்பாவால். அவர் ஈரோடு டீசல் ஷெட்டில் பிட்டராக இருந்து 2014-ல் ஓய்வு பெற்றவர். இப்போது உக்கடத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். அத்தனை வருட உழைப்புக்கு அவர் கையில் மிஞ்சியிருப்பது 1994-ல் எடுத்த ஒரே ஒரு போட்டோ. ஒரு என்ஜினின் படிக்கட்டில் கை வைத்துக் கொண்டு நிற்கிறார். பின்னால் கேபினும், நீண்ட உடலில் ஒரு பாதியும் தெரிகின்றன. மீதி பாதி போட்டோவுக்குள் வரவில்லை. அந்த என்ஜின் இன்று இல்லை. கழித்துக் கட்டி, உடைத்துப் பழைய இரும்பாகப் போய்விட்டது. போட்டோவும் மஞ்சளாகிக் கொண்டே வருகிறது. அது முழுசாக மங்குவதற்குள் அந்த வண்டியை முழு உருவமாகச் செய்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தேன். செங்காவி நிற உடல், நடுவில் மஞ்சள் பட்டை, கோடு பிசகாத கதவுகள். எனக்கே பெருமையாக இருந்தது. பெரியப்பா கையில் வாங்கிக் கண்ணாடியை மேலே தூக்கிக் கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இது என்ற வண்டி இல்ல. இத ஆரோ தொடச்சுத் தொடச்சு ஷோரூம்ல வெச்சிருக்கறாங்க."

அவ்வளவுதான். டிவி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எந்த என்ஜின், எவ்வளவு பெரியது?

போட்டோவில் இருப்பது டபிள்யூடிஎம்-2 வகை. இந்தப் பெயரை ஒரு பாஸ்வேர்டு போலப் பார்த்து மிரள வேண்டாம். முதல் எழுத்து அகலப் பாதை, இரண்டாவது டீசல், மூன்றாவது பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டுக்கும் பொது என்று அர்த்தம். 2 என்பது அந்த வரிசையில் இரண்டாவது வகை. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. 1962-ல் முதல் என்ஜின்கள் அங்கிருந்து வந்தன. 1964 முதல் வாரணாசி டீசல் என்ஜின் தொழிற்சாலையில் நாமே செய்யத் தொடங்கினோம். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். நம் நாட்டில் இரண்டாயிரத்துக்கும் அதிகமாக ஓடிய என்ஜின் இது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட யாரைக் கேட்டாலும் அதன் உறுமல் சத்தம் ஞாபகம் இருக்கும். இன்று கோவை வழியாகப் போகும் பாதையில் மின்சார என்ஜின்களின் ராஜ்யம்.

உண்மையான என்ஜினின் நீளம், முட்டுத்தாங்கி முதல் முட்டுத்தாங்கி வரை, 17.12 மீட்டர். உயரம் 4.185 மீட்டர். அகலம் 2.864 மீட்டர். மாடல் உலகில் அதிகம் பயன்படும் அளவு எச்ஓ எனப்படும் 1:87. உண்மையில் 87 மில்லிமீட்டர் இருப்பது மாடலில் 1 மில்லிமீட்டர். கால்குலேட்டரைத் திறந்து வகுத்தால் நீளம் 197, உயரம் 48, அகலம் 33 மில்லிமீட்டர் வரும். ஏ4 தாளின் நீண்ட பக்கம் 297 மில்லிமீட்டர் என்பதால் தாராளமாக அடங்கும். (கடையில் விற்கும் எச்ஓ தண்டவாளம் வாங்கி அதன் மேல் வைக்க ஆசைப்பட வேண்டாம். அதன் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் அகலப் பாதையான 1676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். வண்டி ஒட்டகம் போல நிற்கும்.)

புரோகிராமும் தாளும்

நாம் பயன்படுத்தப் போவது "ஜிம்ப்". போட்டோ திருத்தவும் படம் வரையவும் உதவும் இலவச புரோகிராம். அமெரிக்காவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் தொடங்கி 1996-ல் வெளியிட்டது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். அதன் சொந்த இணைய தளத்திலிருந்து மட்டும் இறக்கிக் கொள்ளுங்கள். வேறு எங்கிருந்தாவது இறக்கினால் கூடவே வேண்டாத விருந்தாளிகளும் வரலாம்.

ஜிம்ப்பைத் திறந்து "பைல்" மெனுவில் "நியூ" என்பதை கிளிக் செய்யுங்கள். ஒரு டயலாக் பாக்ஸ் தோன்றும். அதில் "டெம்ப்ளேட்" பட்டியலில் ஏ4, 300 பிபிஐ என்பதைத் தேர்ந்தெடுத்து, தாளைப் படுக்கை வாட்டில் வைக்கும் ஐகானைத் தட்டுங்கள். 300 பிபிஐ என்றால் ஒரு அங்குலத்தில் 300 புள்ளிகள், அதாவது பிக்சல்கள். 197 மில்லிமீட்டர் நீளத்துக்கு 2327 பிக்சல் கிடைக்கும். இந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். பிறகு தேவைப்படும்.

தாளில் இரண்டு பக்கவாட்டுப் பகுதிகள், நடுவில் கூரை, முன்பக்கம், பின்பக்கம், சக்கரச் சட்டங்கள் எல்லாவற்றையும் செவ்வகங்களாக வரைய வேண்டும். ஓரங்களில் ஒட்டுவதற்கு 5 மில்லிமீட்டர் மடிப்பு விடுங்கள். சின்ன மூக்கு, கேபின், நீண்ட மூக்கு என மூன்று பெட்டிகள். அடியில் ஒரு தட்டு. பெட்டிகள் தட்டைவிடக் குறுகலாக இருப்பதால் இரண்டு பக்கமும் நடைபாதை மீதியாகும். கதவுகள் கோடுகள்தான். பென்சில் டூலை எடுத்து ஓரிடத்தில் கிளிக் செய்து, ஷிப்ட் பட்டனை அழுத்திக் கொண்டு இன்னோர் இடத்தில் கிளிக் செய்தால் நேர்கோடு விழும். இந்தப் பகுதியில் பொறுமை தவிர வேறு வித்தை எதுவும் இல்லை. இதைத்தான் நான் மூன்று வாரம் செய்தேன்.

நான் செய்த தப்பு

பெரியப்பா அப்படிச் சொன்னதும், சரி, கொஞ்சம் அழுக்குப் பூசிவிடலாம் என்று அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். பெரிய பிரஷ் எடுத்துக் கறுப்பு வண்ணத்தில் அங்கங்கே பூசினேன். ஓரளவு நன்றாக வந்த மாதிரி இருந்தது. ஜேபெக் பைலாக வெளியே எடுத்து, தூக்கக் கலக்கத்தில் ஜிம்ப்பின் சொந்த பைலை சேவ் செய்யாமலே மூடிவிட்டேன். "சேவ் செய்யவில்லையே, பரவாயில்லையா?" என்று அது கேட்கத்தான் செய்தது. பரவாயில்லை என்ற பட்டனைத் தட்டியது நான்தான்.

மறுநாள் திறந்து பார்த்தால் கதவுக் கோடு, மஞ்சள் பட்டை, பூசிய கறுப்பு எல்லாம் ஒரே படமாக ஒட்டிக் கிடந்தன. கறுப்பை எடுத்தால் கீழே இருந்த பெயிண்டும் சேர்ந்து போனது. தொழிலே சாஃப்ட்வேர், ஆபீசில் மற்றவர்களுக்கு பேக்கப் பாடம் எடுப்பவன் நான். வெட்கத்தை விட்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதிகம் இழப்பது இப்படித்தான்.

ஜேபெக் என்பது ஒரு பிரிண்ட் போட்ட தாள் மாதிரி. பார்க்கலாம், அனுப்பலாம், பிரித்தெடுக்க முடியாது. ஜிம்ப்பின் சொந்த பார்மட் எக்ஸ்சிஎப். அதில்தான் "லேயர்" எனப்படும் அடுக்குகள் தனித்தனியாக உயிரோடு இருக்கும். "பைல்" மெனுவில் "சேவ்" என்றால் எக்ஸ்சிஎப். "எக்ஸ்போர்ட் ஆஸ்" என்றால் மற்ற பார்மட்கள். வேலை நடக்கும்போது சேவ், வேலை முடிந்த பிறகே எக்ஸ்போர்ட். தினமும் பைல் பெயரின் கடைசியில் 1, 2, 3 என்று எண் போட்டுப் புதிதாக சேவ் செய்து, ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு வையுங்கள்.

லேயர் என்றால் என்ன? தையல்காரர் பேட்டர்ன் மேல் வைக்கும் டிரேசிங் பேப்பரை நினைத்துக் கொள்ளுங்கள். அடியில் என்ஜின் படம். அதன் மேல் ஒரு டிரேசிங் பேப்பரில் புகை. இன்னொன்றில் எண்ணெய். மற்றொன்றில் புழுதி. மேலிருந்து பார்த்தால் எல்லாம் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும். எண்ணெய் அதிகமாகிவிட்டதா, அந்தத் தாளை மட்டும் உருவலாம். "லேயர்" மெனுவில் "நியூ லேயர்" என்பதை கிளிக் செய்து, ஒவ்வொன்றுக்கும் புகை, எண்ணெய், புழுதி என்று பெயர் வையுங்கள். தமிழிலேயே டைப் செய்யலாம்.

லாரிப்பேட்டையில் ஒரு பாடம்

பழைய அடிப்படைப் படம் பென் டிரைவில் ஒரு மூலையில் இருந்ததால் பிழைத்தேன். ஆனால் அழுக்கை எங்கே பூசுவது? போட்டோவில் பாதி என்ஜின்தானே இருக்கிறது. மறுபாதியில் நான் பூசியதைப் பெரியப்பா மானிட்டரிலேயே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இப்படியெல்லாம் ஆகாது கண்ணு. எல்லா அழுக்குக்கும் ஒரு காரணம் இருக்கோணும். வா, காட்டறேன்."

உக்கடத்தில் இருப்பவர்களுக்கு லாரிகளுக்குப் பஞ்சமில்லை. லாரிப்பேட்டைப் பக்கம் கூட்டிக் கொண்டு போய் ஒரு பழைய லாரி முன்னால் நிறுத்தினார். டீசல் டேங்க் மூடியிலிருந்து கீழ்நோக்கி ஒரு கறுத்த நாக்கு. டீசல் வழிந்த இடத்தில் தூசி ஒட்டிக் கொண்டதால் வந்தது. சைலன்சர் வாய் இருக்கும் பக்கம் மட்டும் கரி. சக்கரங்களுக்குப் பின்னால் செம்மண். கண்ணாடியில் வைப்பர் துடைத்த அரை வட்டம் மட்டும் சுத்தம். கேபின் கதவில் கைப்பிடியைச் சுற்றிப் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. லாரியின் நெற்றியில் எழுதிய குலசாமி பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது. தினமும் காலையில் டிரைவர் அதைத் துடைக்கிறார்.

"என்ஜினும் இப்படித்தான். நாங்க காட்டன் வேஸ்ட்டை எடுத்தா மொதல்ல நம்பரைத்தான் தொடப்போம்."

அன்று வீட்டுக்கு வந்து காரணம் வாரியாக லேயர் போட்டேன். அழுக்கு எங்கே என்று யோசிக்காமல், எது எங்கிருந்து வந்தது என்று யோசித்ததும் போட்டோவில் இல்லாத மறுபாதியும் தானாக நிரம்ப ஆரம்பித்தது.

அழுக்கு இரண்டு ஜாதி

லேயர் பெட்டியின் மேலே "மோட்" என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் நமக்கு இரண்டே இரண்டு தேவை. "மல்டிப்ளை" என்றால் மேல் லேயர் கீழே உள்ளதைக் கறுக்கச் செய்யும். வெள்ளை எதையும் மாற்றாது, கறுப்பு முழுக்கக் கறுப்பாக்கும், இடைப்பட்ட வண்ணம் அதற்கேற்ற அளவுக்குக் கறுக்கும். கீழே உள்ள கதவுக் கோடும் மஞ்சள் பட்டையும் மறையாமல் தெரியும். கரிக்கும் எண்ணெய்க்கும் இதுதான் சரி.

புழுதிக்கு இது ஆகாது. செங்காவிப் பெயிண்டை விடப் புழுதி வெளிறிய நிறம். மல்டிப்ளை மோட் எதையும் வெளிற வைக்காது. புழுதி, வெயிலில் வெளுத்தது, தண்ணீர் காய்ந்த உப்புக்கறை, இவை மூன்றும் "நார்மல்" மோடில் இருக்க வேண்டும். நான் முதலில் செம்மண்ணையும் மல்டிப்ளையில் போட்டுவிட்டு, ஏன் சேறு மாதிரி தெரிகிறது என்று இரண்டு மணி நேரம் குழம்பினேன்.

அதே பெட்டியில் "ஒபாசிட்டி" என்று ஒரு ஸ்லைடர் உண்டு. லேயர் எவ்வளவு அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்பதை அது முடிவு செய்யும். எந்த அழுக்கையும் 30 சதவீதத்துக்கு மேல் வைக்காமல் தொடங்குங்கள். போதாவிட்டால் ஏற்றிக் கொள்ளலாம்.

வெயிலில் இருந்து ஆரம்பிக்கலாம். கூரையும் பெட்டிகளின் மேல் விளிம்பும் அதிகம் வெளுக்கும். வெளிறிய சாம்பல் வண்ணத்தை நார்மல் மோடில் பூசி, ஒபாசிட்டியை 12-ல் வையுங்கள். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு இருந்தால் போதும்.

அடுத்து புகை. இந்த என்ஜினுக்கு வேகத்தைக் கூட்டும் கைப்பிடியில் எட்டு படிகள் உண்டு. டிரைவர் படியை ஏற்றியதும் டீசல் உடனே அதிகமாகப் பாயும். அதை எரிக்க வேண்டிய காற்றைத் தள்ளும் டர்போ வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில்தான் குப்பென்று கறும்புகை வரும். அந்தக் கரி புகைபோக்கியைச் சுற்றியும் கூரை நெடுகவும் படியும். வண்டி இரண்டு திசையிலும் ஓடும் என்பதால் கரியும் இரண்டு பக்கமும் போகும். மென்மையான பிரஷ்ஷால் புகைபோக்கி அருகே அடர்த்தியாகவும், தள்ளிப் போகப் போக லேசாகவும் பூசுங்கள்.

மழை பெய்தால் கூரைக் கரி பக்கவாட்டில் கோடு கோடாக இறங்கும். இதைக் கையால் வரைந்தால் வேலிக் கம்பி போல இருக்கும். புதிய லேயரில் கூரை விளிம்பை ஒட்டிச் சீரில்லாமல் சின்னப் புள்ளிகள் வையுங்கள். "பில்டர்ஸ்" மெனுவில் "பிளர்" என்பதற்குள் "லீனியர் மோஷன் பிளர்" என்பதைத் தேர்ந்தெடுத்துக் கோணத்தை 90 ஆக்குங்கள். புள்ளிகள் மேலும் கீழுமாக இழுபட்டுக் கோடாகும். விளிம்புக்கு மேலே போனதை அழித்துவிடுங்கள். கதவுக் கீல், போல்ட் போன்ற மேடுகள் இருக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கி வழியும். அங்கே ஒன்றிரண்டு கோடு அதிகம் விடலாம். நீண்ட மூக்கின் கடைசியில் ரேடியேட்டர் இருக்கிறது. அதன் கீழே மட்டும் வெள்ளையும் துருவும் கலந்த கறை, நார்மல் மோடில்.

எண்ணெய்தான் டீசல் என்ஜினின் அடையாளம் என்று பெரியப்பா சொல்வார். நீண்ட மூக்கின் இரு பக்கமும் இருக்கும் கதவுகளின் அடி விளிம்பில் எண்ணெய் கசிந்து நடைபாதையில் இறங்கும். கரி போல மங்கலாக இருக்காது. ஓரம் தெளிவாக, கொஞ்சம் பளபளப்பாக இருக்கும். எனவே பிரஷ்ஷைக் கொஞ்சம் கடினமாக வையுங்கள். இரண்டு சக்கரச் சட்டங்களுக்கும் நடுவே தொங்கும் டீசல் டேங்க் 5000 லிட்டர் பிடிக்கும். அதன் வாயருகே லாரியில் பார்த்த அதே கறுத்த நாக்கு.

கடைசியில் புழுதி. "கிரேடியன்ட்" டூலில் முன் வண்ணத்திலிருந்து ஒன்றுமில்லாததற்குக் கரையும் வகையை எடுத்து, சக்கரத்திலிருந்து மேல்நோக்கி இழுங்கள். கீழே அடர்த்தி, நடைபாதை வரும்போது கரைந்துவிடும். நம் பக்கத்துச் செம்மண்ணுக்குச் சிவப்பு 140, பச்சை 95, நீலம் 70 என்ற எண்கள் எனக்கு ஒத்து வந்தன. வண்ணப் பெட்டியில் 0 முதல் 255 வரை என்ற அளவைத் தேர்ந்தெடுத்த பிறகு இவற்றை டைப் செய்யுங்கள். சக்கரச் சட்டங்களுக்கு மட்டும் அதை விடக் கறுத்த பழுப்பு. இரும்பு பிரேக் கட்டை சக்கரத்தில் உரசி உதிரும் தூள் துருப்பிடித்து அந்த நிறமாகிறது.

இத்தனையும் பூசிய பிறகு துடைக்க வேண்டும். ஒவ்வொரு லேயருக்கும் "லேயர்" மெனுவில் "மாஸ்க்" பகுதிக்குப் போய் "ஆட் லேயர் மாஸ்க்" கொடுத்து, வெள்ளை என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்க்கில் கறுப்பு பூசினால் அந்த இடத்து அழுக்கு மறையும். வெள்ளை பூசினால் திரும்ப வரும். அழிப்பானால் அழித்தால் போனது போனதுதான். மாஸ்க் ஒரு முகமூடி மட்டுமே. வண்டி எண், முன்கண்ணாடியில் வைப்பர் துடைத்த பகுதி, கைப்பிடிகள், படிக்கட்டின் விளிம்பு. மனிதன் கை பட்ட இடங்களை இப்படித் துடைத்தபோதுதான் படத்தில் வண்டி எழுந்து நின்றது.

மானிட்டர் சொல்லும் பொய்

நாம் வேலை செய்யும்போது படத்தை நாலு மடங்கு பெரிதாக்கி வைத்திருப்போம். அங்கே அழகாகத் தெரியும் கறை மாடலில் பூதமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 பிபிஐ-யில் 20 பிக்சல் பிரஷ் என்பது தாளில் 1.7 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் உண்மை என்ஜினில் கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் அகலக் கறை. ஒரு சென்டிமீட்டர் எண்ணெய்த் துளி நம் தாளில் ஒரு பிக்சலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். எனவே பிரஷ் 3 முதல் 8 பிக்சலுக்குள் இருக்கட்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மாடலை அரை மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, உண்மை என்ஜினை 43 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நடுவே உள்ள காற்றும் வெளிச்சமும் வண்ணங்களை மங்க வைத்துவிடும். சுத்தக் கறுப்பாக எதுவும் தெரியாது. கரிக்குக்கூட 0, 0, 0 வேண்டாம். நான் 45, 42, 40 வைத்தேன். வெள்ளைக்கும் இதே விதிதான்.

பிரிண்டர் தன் பங்குக்கு ஒரு விளையாட்டு காட்டும். அட்டை மையை உறிஞ்சுவதால் இருட்டான பகுதிகள் மானிட்டரில் தெரிவதைவிடக் கூடுதலாகக் கறுக்கும். முழுத்தாளும் அடிப்பதற்கு முன் ஒரு கதவு அளவுக்கு வெட்டி, சாதாரணத் தாளிலும் அட்டையிலும் அடித்துப் பாருங்கள். எனக்கு மல்டிப்ளை லேயர்கள் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டி வந்தது. அட்டை 160 முதல் 200 ஜிஎஸ்எம் வரை போதும். உங்கள் பிரிண்டர் எந்தக் கனம் வரை இழுக்கும் என்று அதன் புத்தகத்தில் பாருங்கள்.

அடிப்பதற்கு "எக்ஸ்போர்ட் ஆஸ்" கொடுத்து பிடிஎப் ஆக்குங்கள். பிரிண்ட் டயலாக் பாக்ஸில் "பிட் டு பேஜ்" என்று இருந்தால் எடுத்துவிட்டு "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 சதவீதம் வையுங்கள். இதை மறந்தால் 197 மில்லிமீட்டர் என்ஜின் சத்தமில்லாமல் சுருங்கிவிடும். தாளின் ஓரத்தில் 100 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு வரைந்து வைத்து, அடித்த பிறகு ஸ்கேல் வைத்து அளப்பது என் பழக்கம்.

வெட்டும் முன் ஒரு ராத்திரி காய விடுங்கள். இங்க்ஜெட் மையில் ஈரப் பசை பட்டால் கலையும். அதனால் பசையை மெல்லிசாகத் தடவுங்கள். மடிப்புகளில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதே நிற ஸ்கெட்ச் பேனாவால் ஓரத்தைத் தேயுங்கள். எவ்வளவு அழகாக அழுக்கு பூசியிருந்தாலும் அந்த வெள்ளைக் கோடு "நான் காகிதம்" என்று காட்டிக் கொடுத்துவிடும்.

ஏழாவது கதவு

இரண்டாவது வண்டியைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். இந்த முறை சீக்கிரம் பேசவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். புகைபோக்கியைப் பார்த்தார், டேங்க் பக்கம் பார்த்தார். நீண்ட மூக்கில் கதவுகளைக் கேபினிலிருந்து விரலால் எண்ணிக் கொண்டே போய் ஏழாவதில் நிறுத்தினார். அது போட்டோவில் இல்லாத பாதி.

"இதுல ஏன் எண்ணெய் வழியுது?"

மற்ற கதவுகளில் வழிவதால் அதிலும் பூசினேன் என்றேன்.

"மத்ததுல வழியும். இதுல வழியாது. இந்தப் பக்கம் லீக்குன்னு மூணு ஷெட்யூல் தொடர்ந்து எழுதி வந்துச்சு. ராத்திரி ஷிப்ட்ல உக்காந்து நாந்தான் பேக்கிங் மாத்துனேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டு வரல. தொடச்சிரு."

முதல் ஜேபெக் படமாக இருந்திருந்தால் அந்தப் பக்கத்தையே திரும்ப வரைய வேண்டியிருக்கும். எக்ஸ்சிஎப் பைலைத் திறந்தேன். எண்ணெய் லேயரின் மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, ஏழாவது கதவின் கீழே கறுப்பு வண்ணத்தில் ஒரே இழுப்பு. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர், நடைபாதையில் பழைய கறை லேசாக இருக்கட்டும், அது உடனே போகாது என்றார். அதற்கு மட்டும் சாம்பல் வண்ணத்தில் பூசினேன். சாம்பல் பூசினால் மாஸ்க் பாதி மறைக்கும்.

பைல் பெயரில் எண் 14 போட்டு சேவ் செய்துவிட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி பிரிண்ட் எடுத்து ஒட்டினோம். இப்போது போட்டோ இருக்கும் ஷெல்பில் அதன் பக்கத்திலேயே நிற்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியப்பா ஏழாவது கதவை முதலில் காட்டுகிறார்.